கடலுக்குப் போகும் மாணவருக்கு வருகைப் பதிவு போட்டுக் கொடுக்கலாமா?

இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன். அவர் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பணியின் பொருட்டு இந்தக் கரைக்கு வந்தவர். இளங்கலை மாணவர் 26 பேருக்கு அவரை வழிகாட்டி ஆசிரியராகத் துறை நியமித்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

அவர்களுள் 19 வயது மாணவர் ஒருவர் முதலாண்டில் எல்லாத் தாள்களிலும் தேறியவர். மூன்றாம் பருவத்தில் இதுவரை நடந்த 30 வேலை நாள்களில் அவர் 14 நாள்களே வந்திருக்கிறார். கடல் எல்லை தாண்டிய வழக்கில் கைதான தந்தை விடுதலையாகி வீடு திரும்பிவிட்டார், படகு திரும்பவில்லை, படகின் மேல் வாங்கிய கடன் மட்டும் நிற்கிறது. ஆகவே மகன் வேறொருவரின் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். "கடலை விட்டுவிட்டுப் படிப்பைப் பார், உன் வீட்டின் தலையெழுத்தை மாற்ற உன்னால்தான் முடியும்" என்று ஆசிரியர் பலமுறை எடுத்துச் சொல்லியும் பயனில்லாமல் போக, மாணவருக்குத் தெரியாமல் அவருடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருக்கிறார். அன்று முதல் மாணவர் அவர் முகம் பார்ப்பதைத் தவிர்க்கிறார். வராத நாள்களில் சிலவற்றுக்கு வருகை போட்டுக் கொடுத்தால் என்ன என்பது ஆசிரியரின் முதல் கேள்வி. தாயாரிடம் பேசியது தவறா, இரண்டு மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டியது சரியா, வகுப்பில் யாருமே வாய் திறப்பதில்லையே என்பன மற்றவை. கடிதத்தின் முடிவில், முதலாண்டு மாணவி ஒருவர் தமக்கு வீட்டில் கல்யாணம் பேசுவதாக அழுததையும், யாரிடமும் சொல்வதில்லை என்று தாம் வாக்குக் கொடுத்ததையும் இரண்டு வரியில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள பேராசிரியருக்கு,

26 பேரின் பெயரையும் முகத்தையும் வீட்டு நிலையையும் அறிந்து வைத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பாடம் நடத்துவதற்குப் பட்டமும் பயிற்சியும் கேட்கிற நம் கல்லூரிகள், மாணவருக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பை மட்டும் ஒரு சுற்றறிக்கையில் பெயர் எழுதி ஒப்படைத்துவிடுகின்றன. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எந்த இடத்தில் வேறொருவரிடம் அனுப்பிவிட வேண்டும் என்பதை யாரும் கற்றுத் தராத நிலையில் நீங்கள் தடுமாறுவது இயல்பு. ஆனால் மாணவரைப் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் ஓர் எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

அவர் படிப்பை விட்டுவிடவில்லை

அவருக்குப் படிப்பில் நாட்டம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில், வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் வருகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இராமேசுவரம், மண்டபம் கரைகளில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு காலையில் புறப்படும் விசைப்படகு, இரவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் காலையில் கரை சேர்கிறது. மீனை இறக்கித் தரம் பிரித்து, ஏலம் முடிந்து, பங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது முற்பகல் கடந்துவிடும். வருகைப் பதிவேட்டில் அவர் வராத நாள்களை இந்த நாள்களோடு பொருத்திப் பாருங்கள். கடல் விடுகிற ஒரே முழு வேலை நாளான வெள்ளியை அவர் முழுதாகக் கல்லூரிக்குத் தருகிறார். இரவு கண் விழித்த செவ்வாயிலும் வியாழனிலும் முடிந்தபோதெல்லாம் வந்து உட்காருகிறார். படிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவர் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்படிப்பட்டவரிடம் கடலை விட்டுவிடு என்று சொல்லும்போது, உங்கள் அக்கறைக்கு முன்பாக வேறொன்று அவர் காதில் விழுகிறது. கடனை விட்டுவிடு, தந்தையை விட்டுவிடு, உன் வீட்டார் செய்த தொழில் விட்டொழிக்கத் தக்கது என்று சொல்வதாகவே அவர் எடுத்துக்கொண்டிருப்பார். படிப்பு என்பது கடலிலிருந்து தப்பிக்கும் வழி என்று வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்கள் பலர் நம்புகிறார்கள். கரையிலேயே பிறந்த சில பெற்றோரும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அதைச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருப்பதுபோல் நமக்கு இல்லை. அவர் பட்டம் பெற்ற பின் கடலுக்கே போகலாம், ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போகலாம், போட்டித் தேர்வு எழுதலாம். அந்த முடிவை இன்றே எடுக்கும்படி அவரை நிற்கவைக்க வேண்டியதில்லை. இன்று தீர வேண்டிய கேள்வி, இந்தப் பருவத் தேர்வை அவர் எழுத முடியுமா என்பதுதான்.

முதலில் நாள்களை எண்ணுங்கள்

உங்கள் கல்லூரிக் கையேட்டின் விதியைக் கடிதத்தோடு எழுதி அனுப்பியிருப்பது நல்லதாயிற்று. 75 விழுக்காடு வருகை வேண்டும். 65 முதல் 75 வரை உள்ளவர்கள் தக்க காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி, வருகைக் குறைவுக்கு விலக்குப் பெற்றுத் தேர்வு எழுதலாம். 50 முதல் 65 வரை உள்ளவர்கள் இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது என்றாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம். 50-க்குக் கீழே போனால் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள். இனி இருப்பது 60.

இப்போது போகிற போக்கிலேயே போனால் அவர் மொத்தம் ஏறக்குறைய 42 நாள் வந்திருப்பார். அது 47 விழுக்காடு, பருவம் போய்விடும். நீங்கள் சொன்னதுபோல் கடலை முற்றிலும் விட்டால் 74 நாள், அதாவது 82 விழுக்காடு. ஆனால் வீட்டில் வருமானம் நின்றுவிடும் என்பதால் அவர் அதை ஏற்கவில்லை. இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல் உங்கள் உரையாடல்கள் நடந்திருக்கின்றன. இடையில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

உங்கள் துறைக்கு இரண்டாம் சுழற்சி உண்டென்று எழுதியிருக்கிறீர்கள். பிற்பகலில் தொடங்கும் அந்தச் சுழற்சிக்கு அவர் மாறினால், மூன்று நாளும் கடலுக்குப் போய்க்கொண்டே செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வகுப்புக்கு வரலாம். மொத்தம் 50 நாள், 56 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தேர்வு தள்ளிப்போகும், பருவம் தப்பிக்கும். அதோடு புதன்கிழமைக் கடலை மட்டும் அவர் விட்டுவிட்டால் வாரத்துக்கு நான்கு நாள் வரலாம். மொத்தம் 62 நாள், ஏறக்குறைய 69 விழுக்காடு. விலக்குக் கட்டணம் கட்டி இந்தப் பருவத் தேர்வையே எழுதிவிடலாம். கடலை முழுதாக விடு என்று கேட்பதற்கும், நவம்பர் வரை வாரத்தில் ஒரு நாள் கடலை விட முடியுமா என்று கேட்பதற்கும் உள்ள தொலைவை நீங்கள் உணர வேண்டும். முன்னதற்கு அவர் தலையாட்டிவிட்டு மறுநாள் படகேறினார். பின்னதை அவர் வீட்டில் உட்கார்ந்து பேச முடியும். படகின் ஓட்டுநரிடம், புதன்கிழமைக்கு மட்டும் உறவினர் ஒருவரை மாற்றாள் அனுப்பட்டுமா என்று கேட்க முடியும்.

இதிலும் இடர்கள் உண்டு. பருவத்தின் நடுவில் சுழற்சி மாற முதல்வரின் ஒப்புதலும் அந்தச் சுழற்சியில் இடமும் வேண்டும். இரவு முழுதும் வேலை செய்தவர் பிற்பகல் வகுப்பில் கண் அயர்வார். அதை மற்ற ஆசிரியர்கள் ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க நீங்கள் முன்னதாகவே பேசி வைக்க வேண்டும். வருகைக் கணக்கில் இரண்டே நாள் கூடுதலாகத் தவறினாலும் 67 ஆகும், ஐந்து தவறினால் 63 ஆகிவிடும். அந்தக் கணக்கை அவர் கையிலேயே எழுதிக் கொடுத்து, வாரா வாரம் அவரே பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள். எந்த வழியை எடுப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நான்கு வழிகளையும் அவற்றின் விளைவுகளையும் தெளிவாக முன்வைப்பதே உங்கள் வேலை.

அடுத்த பருவத்தையும் இப்போதே நினைவில் கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தப் பருவத்தின் முடிவிலும் தேர்விலும் அவர் கரையில் இருப்பார். ஆனால் வீட்டில் பங்குப் பணம் வராது. தடைக்கால நிவாரணமாக மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் இரண்டு மாத உலைக்கே காணாது. கட்டணம் கட்ட வேண்டிய நேரமும் வயிறு இறுகும் நேரமும் அங்கே ஒன்றாக வருகின்றன. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்தவராயின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும், தந்தை மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராயின் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்களா என்றும் கேளுங்கள். உரியவர்களே விண்ணப்பிக்காமல் விட்டுவிடும் உதவிகள் இவை.

வருகை போட்டுக் கொடுப்பது பற்றி

வேண்டாம். உங்கள் இரக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வருகைப் பதிவேடு அரசு ஊழியர் ஒருவர் கையொப்பமிடும் ஆவணம். உதவித்தொகைகளும் தேர்வு அனுமதியும் அதைச் சார்ந்தே நடக்கின்றன. பொய்ப் பதிவு வெளிப்பட்டால் உங்கள் மேல் துறை நடவடிக்கை வரும். மாணவரின் தேர்வு அனுமதியும் கேள்விக்குள்ளாகும். அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்தப் பொய்க்கு அவர் உங்களிடம் கடன்பட்டவராகிவிடுவார் என்பதுதான். ஏற்கெனவே ஒரு கடனைச் சுமப்பவருக்கு இன்னொன்று வேண்டாம். இல்லாத காய்ச்சலுக்கு மருத்துவச் சான்று வாங்கி இணைக்கும் பழக்கமும் பல கல்லூரிகளில் உண்டு. அதற்கும் துணை போகாதீர்கள். தந்தையின் கைதும் படகு இழப்பும் உண்மையான காரணங்கள். வழக்கு ஆவணங்களின் நகலையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் சான்றையும் இணைத்து, வழிகாட்டி ஆசிரியர் என்ற முறையில் உங்கள் பரிந்துரைக் கடிதத்தோடு விலக்கு மனு போனால், அதை ஒரு முதல்வர் எளிதில் தள்ளிவிட மாட்டார். கடைசி வாரம் வரை காத்திராமல் இப்போதே ஒரு முன்மனு கொடுத்து வையுங்கள்.

தாயாரிடம் பேசியது

பெற்றோரை அழைத்துப் பேசுவது நம் பள்ளிகளின் வழக்கம். கல்லூரியிலும் அது இயல்பான கடமை என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். ஆனால் 18 வயது நிறைந்தவர் சட்டத்தின் பார்வையில் வயதுவந்தவர். அவர் உங்களிடம் சொன்ன செய்தியை எங்கே கொண்டு செல்வது என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கிறது. மகன் கடலுக்குப் போவது அந்தத் தாய்க்குத் தெரியாத செய்தி அன்று. விடியலில் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறவரே அவர்தான். அவருக்குத் தெரியாதிருந்தது வருகை விதி மட்டும். அதை விளக்காமல், பையனின் எதிர்காலம் பாழாகிறது என்று சொன்னீர்கள். வேறு வழியில்லாமல் மகனைக் கடலுக்கு அனுப்பும் ஒருவரிடம் அந்தச் சொல் குற்றச்சாட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கும். அன்று மாலை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை மாணவரின் ஒதுக்கத்திலிருந்து நீங்களே ஊகிக்கலாம்.

இதைச் சரிசெய்ய முடியும். அவரைத் தனியே அழைத்து, தாயாரிடம் என்ன பேசினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் பேசியிருக்கக் கூடாது என்றும், உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் நிலையைத் தவிர இனி அப்படிச் செய்வதில்லை என்றும் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தேன் என்ற விளக்கத்தைச் சேர்க்க வேண்டாம். அதைச் சேர்த்தால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். பிறகு நாள் கணக்கை எடுத்து வையுங்கள். அவர் விரும்பினால், அவரும் உடனிருக்க, தாயாரிடமும் தந்தையிடமும் நீங்களே அந்தக் கணக்கை விளக்கலாம். படகை இழந்து வீட்டில் இருக்கும் தந்தையை உங்கள் கடிதம் ஓரிடத்திலும் பேசவைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். மகனின் புதன்கிழமையை முடிவு செய்யும் பேச்சில் அவர் இல்லாமல் எதுவும் நிலைக்காது.

பணமும் வகுப்பறை மௌனமும்

தேர்வுக் கட்டணம் கட்டியதைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கொடுத்ததைக் கொடையாக நினைத்துவிடுங்கள். திருப்பிக் கேட்காதீர்கள், மற்ற மாணவரிடம் சொல்லாதீர்கள். இனிமேல் கொடுக்க விரும்பும் தொகையைத் துறையின் மாணவர் நல நிதியிலோ முன்னாள் மாணவர் சங்கத்திலோ செலுத்தி, அங்கிருந்து போகும்படி செய்யுங்கள். 26 பேரில் இருவருக்குக் கட்டியவர் மூன்றாமவரிடம் இல்லை என்று சொல்லும் நாள் வரும். அன்று ஆசிரியர் மாணவர் உறவு கெடும்.

வகுப்பில் பேசாமல் இருப்பதை ஆங்கிலக் கூச்சம் என்று மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். அது ஒரு பாதி. பாடப்புத்தகம் காட்டும் சந்தையில் அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை என்பது மறுபாதி. உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தில் இறால் விலை ஒரே காலைப்பொழுதில் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க நேர்வதை வீட்டில் அனுபவித்தவர்கள். டீசல் செலவு கழித்துப் பங்கு பிரிப்பதை மனக்கணக்காகச் செய்பவர்கள். பொதுவளங்களை அவற்றைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்துக் காத்துக்கொள்ள முடியும் என்று ஆராய்ந்து காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பாடத்தை நடத்தும் நாளில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு எப்படி வந்தது, யார் மீறுகிறார்கள், மீறினால் கரையில் என்ன நடக்கிறது என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாள்களில் பாசி எடுக்கப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருப்பார்கள். பதில்கள் வந்த பிறகு கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். உங்கள் 19 வயது மாணவர் பின்வரிசையில் இருந்து விடை சொல்லும் முதல் நாள் அதுவாக இருக்கலாம்.

அந்த மாணவிக்குக் கொடுத்த வாக்கு

நீங்கள் இரண்டு வரியில் எழுதி முடித்த இந்தச் செய்திதான் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. முதலாண்டு மாணவி என்கிறீர்கள்; வயதை எழுதவில்லை. முதலாண்டில் 17 வயதுடையவர்களும் இருப்பார்கள். அவருக்கு 18 நிறையவில்லையென்றால், 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அந்தத் திருமணம் நடத்துவது குற்றம்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக இருக்கும் மாவட்டச் சமூகநல அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும், உங்கள் வாக்கு அதற்குத் தடையாக நிற்கக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எந்த மாணவருக்கும் முழு வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டம் தரும் காப்பு ஆசிரியரிடம் மாணவர் பேசுவதற்கு இல்லை. இரகசியம் காக்கும் கடமையுள்ள மனநல மருத்துவருக்கே உயிராபத்தில் விதிவிலக்கு உண்டு. எவ்வளவு தூரம் காக்க முடியும், எந்த நிலையில் முடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

18 நிறைந்தவராயின், அவருடைய சம்மதம் இல்லாமல் மணம் முடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை; மிரட்டலோ அடைத்துவைத்தலோ இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணும், மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும் உதவும். ஆனால் அவர் கேட்பது அவ்வளவு பெரியதாக இல்லாமலும் இருக்கலாம். கல்யாணமே வேண்டாம் என்கிறாரா, படிப்பு முடியும் வரை தள்ளிவைக்கச் சொல்கிறாரா, கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க விட்டால் போதும் என்கிறாரா என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. மணமானவுடன் படிப்பு முடிந்துவிடும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். கல்லூரி விதி எதுவும் அப்படிச் சொல்லவில்லை, வேறு கல்லூரிக்கு மாறிப் படிக்கவும் வழியுண்டு. இதை ஓர் ஆசிரியர் வந்து சொன்னாலே சில வீடுகளில் பேச்சு மாறும். மாணவி விரும்பினால் மட்டும் போய்ச் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் அவர் ஏதேனும் சொல்லியிருந்தால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

மாணவரின் நாள் கணக்கு இன்னும் இரண்டு நாள் பொறுக்கும். இந்த மாணவியை நாளைக்கே, கதவு திறந்திருக்கும் அறையில், மற்றவர் காதில் விழாத தொலைவில் உட்காரவைத்து, முதலில் வயதையும் அடுத்து அவருடைய விருப்பத்தையும் கேளுங்கள்.